எட்டு வகை விடை

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு நெல்லிவாசல்நாட்டு விதைக் கூட்டுக்குழுவின் அலுவலகத்தில் நிலைமை பின்வருமாறு இருந்தது. ஊர்கள் இருபத்து மூன்று. சாமை விதை மூட்டைகள் எட்டு. ஜீப் ஒன்று. அது புறப்பட வேண்டிய நேரம் வியாழக்கிழமை காலை ஆறு மணி. வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொள்ளும் என்று வானொலியும் எறும்புகளும் ஒருமனதாகத் தெரிவித்திருந்தன. மழை பிடித்தால் மண்பாதையில் ஜீப் ஏறாது. அதற்குமுன் விதை போய்ச் சேராத ஊரில் இவ்வாண்டு சாமை விளையாது.

எந்தெந்த ஊருக்கு விதை தேவை என்று சொல்ல வேண்டிய பொறுப்பு கலைவாணியுடையது.

கலைவாணிக்கு வயது முப்பத்து நான்கு. ஊர் செங்கம். இரண்டாண்டுகளுக்கு முன் குழுவுக்கென ஒரு விக்கித் தளத்தை அமைத்தவள் அவள்தான். ஊருக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு ஒரு கட்டம். கட்டத்தின் மேல், "விதை உண்டா?" என்ற வினா. ஊரில் பொறுப்பாக உள்ள ஒருவர் கைப்பேசியில் விடையை எழுதுவார். அவ்விடையைத் தளத்திலுள்ள நிரல் படித்து, மெய் அல்லது பொய் என இரண்டில் ஒன்றாக மாற்றி, விதை தேவைப்படும் ஊர்களைத் தானே பட்டியலிடும்.

"இனிமே யாரோட வாய்வார்த்தையையும் நம்ப வேணாம் சார்" என்று பொதுக்குழுவில் எழுந்து நின்று சொன்னவளும் கலைவாணியே. அச்சொல் கூட்டக் குறிப்பேட்டில் ஏறியிருந்தது. குறிப்பேட்டில் ஏறிய சொல்லை விழுங்க இயலாது.

"கலைவாணி, இத வந்து பாரும்மா" என்றார் செயலர் விஜயராஜ். நாள்தோறும் திருப்பத்தூரிலிருந்து மலையேறி வருபவர் அவர். வரும்போதே பாதிக் கவலையோடு வருவார். மீதியை அலுவலகத்தில் பெற்றுக்கொள்வார்.

"இன்னா சார்?"

"பட்டியல்ல ஏழு ஊரு இருக்குது. புலிக்கல்மேடு எங்க?"

"அங்க வெதை இருக்குது சார். அதான் பட்டியல்ல வரல."

"இருக்குதா? அவங்க எழுதியிருக்கறத நீயே படி."

புலிக்கல்மேட்டுக் கட்டத்தில், "இல்லவே இல்லை, இல்லை, இல்லை" என்று எழுதியிருந்தது.

கலைவாணி நிரலைத் திறந்து பார்த்தாள். கட்டத்தில் ஏதேனும் எழுதியிருந்தால் மெய் என்றும், கட்டம் வெறுமையாக இருந்தால் பொய் என்றும் அது கொண்டிருந்தது. லுவா என்னும் அந்த நிரல்மொழிக்கு எழுத்து என்று ஒன்று இருந்தால் போதும். எழுத்தின் பொருளைப் பற்றிய கவலை அதற்குக் கிடையாது. ஒருவர் 'இல்லை' என்று எழுதினால், அங்கே 'இல்லை' என்ற ஒன்று இருக்கிறதல்லவா? ஆகவே உண்டு. தத்துவமாகக் கொண்டால் இது பெரிய கருத்து. விதைப் பட்டியலாகக் கொண்டால் பெருங்கேடு.

"இல்லைன்னு எழுதுன எட்டு ஊரையும் உண்டுன்னு எடுத்துக்கிட்டுது சார்."

"அப்ப இந்த ஏழு?"

"கட்டத்துல ஒண்ணுமே எழுதாதவங்க. எழுதாதவங்கள வெதை இல்லாதவங்கன்னு எடுத்துக்கிட்டுது."

"எழுதச் சோம்பல்பட்டவனுக்கு வெதை. இல்லைன்னு மூச்சுப் பிடிச்சு எழுதுனவனுக்குப் பட்டை நாமம். நல்லாருக்குது."

அப்போது ராஜேஸ்வரி கதவருகே வந்து நின்றார். அலுவலகத்தைப் பெருக்கி, இருவேளை தேநீர் போட்டுத் தருபவர் அவர்.

"சார், சக்கர நெறைஞ்சிருக்குது."

"நல்லது, நல்லது" என்றார் விஜயராஜ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ராஜேஸ்வரி சற்று நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கலைவாணி அன்று பிற்பகலுக்குள் நிரலைத் திருத்தினாள். கட்டத்தில் 'ஆம்' என்று இருந்தால் மட்டுமே மெய். பிற யாவும் பொய். மூன்று மணிக்குப் பட்டியலைத் திறந்தபோது அதில் இருபத்திரண்டு ஊர்கள் இருந்தன.

'ஆம்' என்னும் சொல்லை அம்மலையில் வாயால் சொல்பவர் எவரும் இலர். விதை வைத்திருந்தவர்கள் 'ஆமா' என்றும், 'உண்டு' என்றும், 'இருக்குது' என்றும், 'கீது' என்றும் எழுதியிருந்தனர். ஈச்சங்கொல்லை மட்டும் 'ஆம்' என்று எழுதியிருந்தது. அதுவும் கைப்பேசி தானாகத் திருத்தியது.

"இருவத்திரண்டு ஊரு, எட்டு மூட்டை" என்றார் விஜயராஜ். "ஊருக்கு ஒரு கைப்பிடி குடுத்தா கோழிகூட முகத்தத் திருப்பிக்கும்."

எந்த ஊர் எப்படிப் படிக்கப்படுகிறது என்று சோதிப்பதற்காக, ஊர்ப்பெயருக்கு நேரே மெய் அல்லது பொய் என்று பெரிய எழுத்தில் தெரியுமாறு கலைவாணி செய்தாள். சோதித்து முடிப்பதற்குள் இணையம் போய்விட்டது. இணையம் போனால் வருவதற்கு அங்கே நேரக்கணக்கு இல்லை. அவள் தான் தங்கியிருந்த அறைக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு ஜீப் ஓட்டுநர் முனியன் வந்தார். புலிக்கல்மேட்டுக்காரர். வழக்கமாக ஜீப்பிலிருந்து இறங்கும்போதே யாரையாவது கிண்டல் செய்துகொண்டு இறங்குபவர், அன்று செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"யம்மா, எங்க ஊருக்கு நேரா 'பொய்'னு போட்டிருக்குதாமே."

"அது வேறண்ணா. சோதிக்கறதுக்காகப் போட்டேன், எடுக்க மறந்துட்டேன்."

"மெஷினு எத வச்சும்மா அப்படி சொல்லுது?"

குரல் தாழ்ந்திருந்தது. அவமானம் என்று கலைவாணி எண்ணினாள்.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு அர்த்தம் இல்லண்ணா. வெதை உண்டான்னு கேக்குது. இல்லன்னா அதுக்குப் பேரு பொய். கணக்கு மொழி அது."

"அப்ப அதுக்குத் தானா ஒண்ணும் தெரியாதா?"

"ஒண்ணுமே தெரியாது."

"அது போதும்மா" என்று முனியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

பிற ஊர்கள் அவ்வளவு எளிதில் விடவில்லை. பதினொரு மணிக்குள் ஒன்பது அழைப்புகள் வந்தன. "நாங்க பொய்யின்னா, உங்க ஆபீசு தராசு மட்டும் மெய்யா?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு விடை சொல்ல கலைவாணிக்கு அதிகாரம் இல்லை.

அவள் மெய்யையும் பொய்யையும் அழித்தாள். மறுபடி நிரலைத் திருத்தினாள். கட்டத்தில் எந்த இடத்திலாவது 'இல்ல' என்று வந்தால் இல்லை. அது வராமல் 'ஆம்', 'ஆமா', 'உண்டு', 'இருக்கு', 'கீது' ஆகியவற்றுள் ஒன்று வந்தால் உண்டு.

தமிழ் இலக்கணத்தில் விடை எட்டு வகைப்படும். நேராக உடன்படுவதும் மறுப்பதும் அவற்றுள் இரண்டே. வினாவுக்கு வினாவையே விடையாகத் தருவது ஒரு வகை. தனக்கு நேர்ந்ததைச் சொல்வது ஒரு வகை. கேட்டதை விட்டு அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது இன்னொரு வகை. கலைவாணி இவற்றைப் பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வில் முழு மதிப்பெண் பெற்று, அன்று மாலையே மறந்துவிட்டிருந்தாள். மலை ஊர்களோ எதையும் மனப்பாடம் செய்யாமலே எட்டையும் கையாண்டன.

விதை நிறைய வைத்திருந்த கருங்காலிப்பட்டி, "இல்லாமயா இருக்கும்?" என்று எழுதியிருந்தது. நிரல் அதில் 'இல்ல'வைக் கண்டு, இல்லை என்றது. தேனடிப்பாறை, "கேவுரு இருக்குது" என்று எழுதியிருந்தது. கேழ்வரகு இருக்கிறது, சாமை இல்லை என்பதே அதன் கருத்து. நிரல் 'இருக்கு'வைக் கண்டு, உண்டு என்றது. மூங்கில்மடு, "உண்டு உறைவிடப் பள்ளி கிட்டங்கியில வச்சத எலி தின்னுடுச்சு" என்று எழுதியிருந்தது. நிரல் உண்டு என்றது.

"எலி தின்னுடுச்சுன்னு எழுதியிருக்காங்க. அப்புறம் எப்படிம்மா உண்டு?" என்றார் விஜயராஜ்.

"பள்ளிக்கூடத்துப் பேருல 'உண்டு' இருக்குது சார்."

"அது சாப்பிட்டுத் தங்கற பள்ளிக்கூடம்மா."

"எனக்குத் தெரியுது சார். அதுக்குத் தெரியல."

இருத்தலைச் சொல்லும் 'உண்டு' குறிப்பு வினைமுற்று. தின்று முடித்ததைச் சொல்லும் 'உண்டு' வினையெச்சம். இவ்வேறுபாட்டை அறியாத ஒன்றன் கையில் இருபத்து மூன்று ஊர்களின் சாமை ஒப்படைக்கப்பட்டிருந்தது.

ராஜேஸ்வரி தேநீர் கொண்டுவந்து வைத்தார். கலைவாணி ஒரு மிடறு குடித்தாள். இனிப்பு இல்லை. தன்மேல் ராஜேஸ்வரிக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்துக்கொண்டாள். விஜயராஜும் ஒரு மிடறு குடித்தார். தம் சர்க்கரை நோயைப் பற்றி மனைவி தொலைபேசியில் இங்கே சொல்லி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இருவரும் குடித்து முடித்தனர்.

பிற்பகலில் இன்னொரு சிக்கல் தெரிந்தது. காட்டுப்புதுக்கொல்லை என்னும் ஊர், "இல்லாம இல்ல" என்று எழுதியிருந்தது. இரண்டு இன்மை சேர்ந்து ஓர் உண்மை. இதற்கு கலைவாணி ஒரு வழி கண்டாள். 'இல்ல' எத்தனை முறை வருகிறது என்று நிரலை எண்ணச் செய்தாள். ஒற்றைப்படையானால் இல்லை, இரட்டைப்படையானால் உண்டு. காட்டுப்புதுக்கொல்லை சரியாயிற்று. அவள் இரண்டு நாளில் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கலைவாணி" என்றார் விஜயராஜ்.

"இன்னா சார்?"

"புலிக்கல்மேட்டுல எத்தன இல்ல?"

அவள் எண்ணினாள். இல்லவே, ஒன்று. இல்லை, இரண்டு. இல்லை, மூன்று. இல்லை, நான்கு.

"நாலு தடவ அடிச்சுச் சொன்னா இருக்குதுன்னு அர்த்தமா? நாளைக்கு முனியன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கலைவாணி எண்ணும் வரிகளை அழித்தாள். வானத்தில் மேற்கே முதல் கறுப்பு கட்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே, தார்ப்பாயின்கீழ் எட்டு மூட்டைகளும் அடுக்கியிருந்தன. அவள் எழுந்து போய் அவற்றை ஒருமுறை எண்ணிவிட்டு வந்தாள். எட்டுதான். அவை பெருகுவதற்குக் காரணம் எதுவும் இல்லை, எனினும் எண்ணினாள்.

அன்று மாலை, திருப்பத்தூரில் தம் வீட்டில் இருந்தபடி, விஜயராஜ் தம்மாலியன்ற உதவியைச் செய்தார். விடைகள் தெளிவாக இல்லாமைக்கு வினாவே காரணம் என்று முடிவுசெய்து, தளத்தில் "விதை உண்டா?" என்பதை "விதை இல்லையா?" என்று மாற்றினார். இல்லாதவர்களைத்தானே தேடுகிறோம், நேராகவே கேட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம்.

புதன்கிழமை காலைக்குள் மூன்று ஊர்கள் தங்கள் விடையை மாற்றி, 'ஆமா' என்று எழுதியிருந்தன. நிரல் மூன்றையும் உண்டு என்று படித்தது.

"சார், கேள்விய மாத்துனீங்களா?"

"ஆமா. சுலபமா இருக்கட்டும்னு. பாரு, மூணு பேரு உடனே 'ஆமா'ன்னு எழுதியிருக்காங்க. அப்ப அவங்ககிட்ட இருக்குது."

"இல்ல சார். 'ஆமா, இல்ல'ன்னு சொல்றாங்க."

"ஆமாவா, இல்லையா? ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

விஜயராஜ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பத்து நாற்பதுக்கு அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். மூன்று நாளில் அவர் பிறப்பித்த ஒரே தெளிவான ஆணை அது.

"மெஷின வுட்டுடு. நீயே எல்லாருக்கும் போன் போட்டுக் கேளு. கேட்டுட்டு நீயே கட்டத்துல எழுது. 'உண்டு', இல்லன்னா 'இல்லை'. வேற ஓர் எழுத்து இருக்கக் கூடாது."

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு பாறை இருந்தது. அதன்மேல் ஏறி நின்றால்தான் தொலைபேசித் தொடர்பு கிடைக்கும். கலைவாணி குறிப்பேட்டோடு ஏறி நின்றாள். உண்டு என்ற எட்டு ஊர்களும் மறுபடி உண்டு என்றன. இல்லை என்ற எட்டு ஊர்களும் மறுபடி இல்லை என்றன. சில, கேள்வி முடியுமுன்னரே சொல்லிவிட்டன. எஞ்சியவை, கட்டத்தை வெறுமையாக விட்ட ஏழு ஊர்கள்.

முதலில் ஆலமரத்துக்கொல்லை. அங்கே பொறுப்பாளர் சின்னக்குழந்தை. பெயர் அவ்வாறு இருப்பினும் அவருக்கு வயது ஐம்பது. மூன்று பெண்களுக்கு மணம் முடித்தவர்.

"அக்கா, ஆபீசுலேந்து கலைவாணி பேசறேன். கட்டத்துல ஒண்ணும் எழுதலையே நீங்க."

"எழுதலம்மா."

"வெதை இருக்குதாக்கா?"

கலைவாணி குறிப்பேட்டில் அவ்வூர்ப் பெயரை எழுதிக்கொண்டாள்.

"நெறைஞ்சிருக்குதும்மா."

"நெறைஞ்சே இருக்குதா? சரிக்கா. அதக் கட்டத்துல எழுதியிருக்கலாமே."

"அத எழுதுவாங்களா?" என்றார் சின்னக்குழந்தை. பிறகு, "வண்டி எப்ப வருது?" என்றார்.

"எந்த வண்டிக்கா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

இரண்டாம் ஊரும் நிறைந்திருக்கிறது என்றது. மூன்றாம் ஊரில், "எல்லார் வூட்லயும் நெறைஞ்சிருக்குது" என்றார்கள். ஏழு ஊர்களும் ஒரே சொல்லைச் சொல்லின. ஏழு கட்டங்களிலும் கலைவாணி 'உண்டு' என்று எழுதினாள். பாறையிலிருந்து இறங்கினாள்.

"உண்டு பதினஞ்சு. இல்லை எட்டு" என்று விஜயராஜிடம் சொன்னாள்.

"எட்டு ஊரு, எட்டு மூட்டை" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பாத்தியா? திங்கக்கெழம உன் மெஷினு குடுத்த ஏழுல ஒண்ணாவது இதுல இருக்குதா?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"அப்படியே தலைகீழா குடுத்திருக்குது. நான் மட்டும் அன்னிக்குப் பாக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?"

எண்கள் இவ்வளவு அழகாகப் பொருந்தும்போது கலைவாணிக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். மாறாக, வண்டி எப்ப வருது என்று கேட்ட குரல் காதுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. நெல்லைக் குதிர் நிறைய வைத்திருப்பவர் அரிசிக்கடை எப்போது திறக்கும் என்று கேட்பாரா?

அன்றைய மாலைத் தேநீரிலும் இனிப்பு இல்லை.

வியாழக்கிழமை, ஜூன் பன்னிரண்டு, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். விஜயராஜ் முந்தைய நாள் ஊருக்குத் திரும்பாமல் அலுவலகத்திலேயே தங்கியிருந்தார். முனியன் எட்டு மூட்டைகளையும் ஜீப்பில் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டார். கலைவாணி அச்சிட்ட பட்டியலை அவரிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, தம் ஊர்ப்பெயரின்மேல் கட்டைவிரலை வைத்தபடி, தேவைக்கு மேல் நீண்ட நேரம் பார்த்தார்.

ராஜேஸ்வரி எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். முனியன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாக்கா, சக்கர இல்லியா?"

"வாயக் கழுவுடா. விடியற நேரத்துல நின்னுகினு இல்லங்கற பேச்ச எடுக்காத."

"டீ கசக்குது. வேற இன்னான்னு சொல்றது?"

"நெறைஞ்சிருக்குதுன்னு சொல்லு. நான் திங்கக்கெழமையே சார்கிட்ட வந்து சக்கர நெறைஞ்சிருக்குதுன்னு சொன்னேன். நல்லது நல்லதுன்னாரு. இன்னிவரிக்கும் வாங்கியாரல. மூணு நாளா நானும் வெல்லம் கேட்டு எத்தினி வூடு ஏறி எறங்கறது?"

விஜயராஜ் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"நெறைஞ்சிருந்தா எதுக்கும்மா வாங்கணும்?"

ராஜேஸ்வரி அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். செயலர் என்ற மரியாதையைக் குறைக்காமல், ஆனால் வளர்ப்பைப் பற்றி ஐயத்தோடு, கேட்டார்:

"சார், உங்க வூட்ல அரிசி தீந்து போச்சுன்னா அம்மா இன்னா சொல்லுவாங்க?"

விஜயராஜ் மெல்லச் சொன்னார்:

"நெறைஞ்சிருக்குன்னு."

"உப்பு தீந்தா?"

"அதுவும் நெறைஞ்சிருக்குன்னுதான்."

வீட்டில் அறிந்த ஒன்றை அலுவலகத்தில் அறியாதிருப்பது படித்தவர்களின் இயல்பு. அரிசியையும் உப்பையும் இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது என்பது விஜயராஜின் வீட்டிலும் வழக்கம், கலைவாணியின் வீட்டிலும் வழக்கம். கட்டமும் நிரலும் வந்ததும் இருவரும் அதை வாசற்படிக்கு வெளியே விட்டுவிட்டிருந்தனர்.

கலைவாணி ஏற்கெனவே பாறையின்மேல் இருந்தாள். மூன்றாம் முறை மணி அடித்ததும் சின்னக்குழந்தை எடுத்தார்.

"அக்கா, நேத்து நெறைஞ்சிருக்குதுன்னு சொன்னீங்களே. குதிர்ல கைய வுட்டா இன்னா தட்டுது?"

"குதிரோட அடிதாம்மா தட்டுது."

"அத ஏங்க்கா கட்டத்துல எழுதாம வுட்டீங்க?"

"நல்லா கேட்ட போ. உண்டான்னு கேட்டிருந்தீங்க. இருக்குதுன்னு எழுதுனா பொய். வெதையப் போயி இல்லன்னு எழுத வெதைக்கறவ கை வருமா? அதான் கட்டத்த சும்மா வுட்டுட்டோம். பாத்தாலே புரிஞ்சிக்குவீங்கன்னு நெனச்சோம்."

"புரிஞ்சுதுக்கா" என்றாள் கலைவாணி. "மெஷினுக்கு அன்னிக்கே புரிஞ்சுது. எங்களுக்குத்தான் இன்னிக்குப் புரிஞ்சுது."

அவள் கீழே ஓடிவந்தபோது மணி ஐந்து ஐம்பத்தொன்பது. முனியன் வண்டியைக் கிளப்பியிருந்தார். அவள் ஜீப்பின் முன்னால் போய் நின்றாள்.

இறுதியில் முடிவானவை வருமாறு. நிரலில் திங்கட்கிழமை முற்பகல் பத்து நாற்பதுக்குப் பின் செய்த திருத்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டு, பக்க வரலாற்றிலிருந்து பழைய வடிவமே மீட்கப்பட்டது. வினாவும் பழையபடி "விதை உண்டா?" என்றே ஆயிற்று. கட்டத்தை வெறுமையாக விட்ட ஏழு ஊர்களுக்கும் ஊருக்கு ஒரு மூட்டையாக விதையை அன்றே கொண்டு சேர்ப்பது. எட்டாம் மூட்டையை இறக்கி அலுவலகத்தில் வைப்பது. சர்க்கரை இரண்டு கிலோவைச் செயலரே வாங்கிவந்து ராஜேஸ்வரியிடம் ஒப்படைப்பது. 'இல்லை' என்று எழுதிய எட்டு ஊர்களைப் பற்றி என்ன செய்வது என்பது மட்டும் முடிவாகவில்லை.

விஜயராஜ் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், விடவில்லை.

"கலைவாணி, அந்த எட்டு ஊரும் வாயத் தொறந்து இல்லன்னு சொல்லியிருக்காங்களே. நாளைக்கு மழ. அவங்க நெலம் சும்மா கெடந்து போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

கலைவாணிக்கும் அதே அச்சம். அவள் எட்டாம் மூட்டையைப் பார்த்தாள். பிறகு புலிக்கல்மேட்டுக்காரரைப் பார்த்தாள்.

முனியன் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கியரைப் போட்டார்.

"கவலப்படாதீங்க சார். வெதை நெசமா தீந்தவன் வாயால இல்லன்னு சொல்லுவானா? எங்க ஊரு கட்டத்துல நாலு தடவ இல்லன்னு எழுதுனவன் நான்தான்; அதுக்கு நேரா 'பொய்'னு போட்டுச்சு பாருங்க, அப்பவே இந்த மெஷினு நம்மளக் கண்டுபுடிச்சிடுச்சுன்னு பயந்துட்டேன்."